எலுமிச்சம்பழம் இருக்கா?

அவுரிஸ்தேலா அன்றைக்கு மதியச் சாப்பாட்டைச் சீக்கிரமே மேசைக்கு அனுப்பிவிட்டாள். பயணிகள் சாப்பிட்டு முடித்தால்தான் படகு கிளம்பும். கிளம்பினால்தான் நான்கு மணிக்குள் எஸ்பினோசா முனைக்குப் போய்ச் சேரலாம். அங்கே 'மரேயா' படகு நங்கூரமிட்டு நின்றது. அதன் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவன் அவள் கணவன் லியோனிதாஸ். நான்கு மணிக்கு மரேயா புறப்பட்டுவிடும்.

இவள் 'டெல்ஃபினா'வில் சமையல்காரி. இரண்டு படகுகளும் பயணிகளை ஏற்றிக்கொண்டு தீவு தீவாகச் சுற்றுபவை. எந்தப் படகு எந்த நாளில் எந்தத் தீவில் நிற்கலாம் என்பதைத் தீவுகளைக் காக்கும் தேசியப் பூங்கா அலுவலகம் தீர்மானிக்கிறது. அவர்கள் போடும் அட்டவணையில் புருஷன் பெண்டாட்டிக்கு என்று தனியாகக் கட்டம் கிடையாது. மாதத்தில் இரண்டு முறை ஒரே விரிகுடாவில் நிற்க வாய்த்தால் அதிர்ஷ்டம்.

அப்படி வாய்க்கும்போது அவள் ரேடியோவில் கேட்பாள்: "எலுமிச்சம்பழம் ஏதாச்சும் மிச்சம் இருக்கா?" முதல் வருடம் உண்மையாகவே பழம் தீர்ந்துபோய்க் கேட்டாள். ரப்பர் படகில் பையோடு லியோனிதாஸே வந்து நின்றான். அதிலிருந்து எலுமிச்சம்பழம் என்றால் 'வா' என்று அர்த்தம். தீவுகளுக்கு நடுவே ஓடும் கடல் கால்வாயில் உள்ள எல்லாப் படகுகளும் ஒரே ரேடியோவைத்தான் கேட்கின்றன. வேறு எப்படிக் கூப்பிடுவது? தங்கள் ரகசியம் யாருக்கும் தெரியாது என்று இருவரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

இந்தத் தடவை விட்டால் மறுபடி பார்க்க நான்கு மாதம் ஆகும். பயணிகளை இறக்கிவிட்டதும் மரேயா பழுது பார்க்க குவாயாகில் துறைமுகத்துக்குப் போகிறது. இயந்திரக்காரன் கூடவே போக வேண்டும். அவள் வாழைக்காயை வேகவைத்து இடித்து, நடுவே பாலாடைக்கட்டி வைத்து உருட்டிப் பொரித்து வைத்திருந்தாள். இந்தப் போலோன் சூட்டோடு தின்றால் அமிர்தம். ஆறினால் கல். துணியில் இறுக்கிச் சுற்றி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள்.

காலையில் பென்குயினும் கடலாமையும் பார்த்துக் களைத்துப்போன பயணிகள், நல்ல வேளையாக, சொன்னபடி சாப்பிட்டுவிட்டு எழுந்தார்கள். படகும் கிளம்பியது. கால்வாயின் நடுவே வந்தபோது வழிகாட்டி வில்ஃப்ரிதோ மேல்தளத்திலிருந்து கத்தினான்.

"ஓர்க்கா! இடது பக்கம்! குட்டியோட வருது!"

இயந்திரச் சத்தம் அடங்கியது. தலைக்கு மேலே எல்லாக் கால்களும் இடப்பக்கம் ஓடின. அவுரிஸ்தேலா கையைத் துடைத்துக்கொண்டு கேப்டன் எர்மோகெனெஸ் இருந்த அறைக்கு ஏறினாள். அங்கே அவள் வருவது வழக்கமில்லை.

"ஏன் நிறுத்திட்டீங்க கேப்டன்?"

"ஓர்க்கா திமிங்கலம் கண்ணுல படுறதே அபூர்வம் அக்கா. இப்பப் படகை எடுத்தா அத்தனை பேரும் சேர்ந்து என்னைக் கடல்ல தள்ளிருவாங்க."

"மீன்தானே? இன்னொரு நாள் வராமலா போயிரும்?"

"மீன் இல்லக்கா, அது பாலூட்டி," என்றான் வாசலில் நின்ற வில்ஃப்ரிதோ.

"நல்லா ஊட்டட்டும், யாரு வேணாம்னா? நடுவழியில நின்னுதான் ஊட்டணுமா?"

கேப்டன் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு முகத்தைக் கொஞ்சமும் மாற்றாமல் ரேடியோவை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "எலுமிச்சம்பழம் தீர்ந்துபோச்சாக்கும்?"

அவளுக்குக் காது மடல் சுட்டது. ஆனாலும் வாங்கிக்கொண்டாள்.

"மரேயா, மரேயா, டெல்ஃபினா பேசுறேன். எலுமிச்சம்பழம் ஏதாச்சும் மிச்சம் இருக்கா?"

மரேயாவின் கேப்டன் பதில் சொன்னார். "பழம் இருக்கு தாயி. ஆனா நாங்க நங்கூரத்தைத் தூக்கியாச்சு. பழத்துக்குச் சொந்தக்காரன் கீழ இயந்திரத்தோட மல்லுக்கட்டிட்டு இருக்கான்."

வேறு ஏதோ படகிலிருந்து ஒரு குரல், "எங்களுக்கும் ரெண்டு பழம் குடுங்கப்பா!" என்றது. யாரோ சிரித்தார்கள்.

ரேடியோவை வைத்துவிட்டு அவள் கீழே இறங்கினாள். பாத்திரங்கள் கிடந்தன. இரண்டு தட்டுகளைக் கழுவியிருப்பாள், வில்ஃப்ரிதோ ஓடி வந்தான்.

"அக்கா, மேல வா! மரேயா!"

அடுப்போரம் இருந்த பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அவள் மேலே ஓடினாள். கறுத்த எரிமலைப் பாறைகளைச் சுற்றிக்கொண்டு மரேயா கால்வாய்க்குள் வந்துகொண்டிருந்தது. அதிலும் பயணிகள் இருந்தார்களே. ஓர்க்காவைக் கண்டதும் அங்கேயும் கூச்சல் எழுந்தது. மரேயாவும் நின்றது. இயந்திரம் நின்றால் இயந்திரக்காரன் காற்று வாங்க மேலே வருவான்.

வந்தான். கையில் எண்ணெய்த் துணி. முகத்தைத் துடைத்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

இரண்டு படகுக்கும் நடுவே கரிய முதுகுகள் எழுந்து எழுந்து அமிழ்ந்தன. அவை போகும்வரை ரப்பர் படகை இறக்கக் கூடாது என்பது விதி. கூப்பிட்டால் கேட்கும் தூரமும் இல்லை. எல்லோரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர்கள் இருவர் மட்டும் தண்ணீரைத் தாண்டி ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவுரிஸ்தேலா துணிப்பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினாள். லியோனிதாஸ் வயிற்றைத் தட்டிக் காட்டினான். மெலிந்திருந்தான். சட்டையில் மேல் பொத்தான் இல்லை. யார் தைத்துக் கொடுப்பது?

சற்று முன்பு ஏசிய வாயால் அவள் முணுமுணுத்தாள். "இன்னும் கொஞ்சம் நில்லுங்கடி. குட்டி பசியாறட்டும்."

குட்டிக்குப் பசி தீர்ந்துவிட்டது போலும். முதுகுகள் ஒவ்வொன்றாக அமிழ்ந்தன, பிறகு எழவில்லை. மரேயாவில் யாரோ லியோனிதாஸைக் கூப்பிட்டிருக்க வேண்டும். அவன் எண்ணெய்த் துணியை ஒருமுறை தலைக்கு மேல் வீசிக் காட்டிவிட்டுக் கீழே இறங்கினான். அவன் இறங்கியதால்தான் இயந்திரம் ஓடியது. மரேயா கண்ணிலிருந்து மறையும்வரை அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு மிச்சத் தட்டுகளைக் கழுவினாள்.

பொழுது சாயும் நேரத்தில் டெல்ஃபினா எஸ்பினோசா முனையில் நின்றது. கொஞ்சம் தள்ளி நின்ற ஒரு படகிலிருந்து ரப்பர் படகு வந்தது. ஓட்டி வந்தவன் ஒரு வலைப்பை நிறைய எலுமிச்சம்பழத்தை நீட்டினான்.

"எங்க புதுச் சமையல்காரர் குடுத்தனுப்பினாரு. பழம் இல்லாம நீங்க தவிக்கிறீங்கன்னு ரேடியோவுல கேட்டாராம்."

கேப்டன் தொண்டையைச் செருமினார். வில்ஃப்ரிதோ வானத்தைப் பார்த்தான். அவுரிஸ்தேலா பையை வாங்கிக்கொண்டாள்.

"நல்ல மனுஷன். ரொம்பத் தேவையாத்தான் இருந்துச்சுன்னு சொல்லு."

போலோன் கல்லாகியிருந்தது. வீணாக்கக் கூடாதென்று நின்றபடியே கடித்துத் தின்று முடித்தாள். அன்று இரவு மீனுக்கு எலுமிச்சம்பழத்தைத் தாராளமாகப் பிழிந்தாள். புளிப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்ததாகப் பயணிகள் சொன்னார்கள்.