மூன்று கொலைக்குக் காவல் இருந்தவன்

சகலைமேல் அவனுக்கு இருந்த பொறாமை கல்யாணப் பந்தியிலேயே பிறந்துவிட்டது. மூத்த மாப்பிள்ளைக்கு மாமனார் நாற்காலி இழுத்துப் போட்டார். இளையவனைப் பார்த்து, "நீங்களும் உட்காருங்க" என்றார். போகிறபோக்கில் சொன்ன அந்தச் சொல் அவன் நெஞ்சில் முள்ளாய்த் தைத்துக் கிடந்தது.

இருவருக்கும் ஒரே இடத்தில்தான் வேலை. மனநோய் மருத்துவமனையின் பூட்டிய பிரிவில், நீதிமன்றம் அனுப்பிவைக்கும் கைதிகளைக் கவனிக்க வேண்டும். கதவுக் கண்ணாடி வழியே பார்த்ததை டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

அந்த வருஷம் அடுத்தடுத்த அறைகளில் இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். ஒருவன் எட்டுப் பேரைக் கொன்று கிணற்றில் போட்டவன். பத்திரிகைகள் அவனுக்குக் கிணற்றுக்காரன் என்று பேரே வைத்திருந்தன. அவனுக்குக் காவல் சகலை. இன்னொருவன், தன் கடைக்குத் துணி தைக்கக் கொடுக்க வந்த மூவரைக் கொன்ற தையல்காரன். அவனுக்குக் காவல் நம்மவன்.

"உங்க ஆளு எத்தனை பேரை, மாப்ளே?" என்று சாப்பாட்டு மேஜையில் மாமனார் கேட்டார்.

"மூணு, மாமா."

"மூணுதானா? பெரியவரோட ஆளு எட்டாமே."

"எண்ணிக்கையில என்ன இருக்கு, விடுங்க மாமா," என்றான் சகலை. அந்தப் பெருந்தன்மைதான் அதிகம் சுட்டது.

"இவருக்கு வாய்க்கிறதெல்லாம் இப்படித்தான்," என்றாள் நம்மவனின் மனைவி, தண்ணீர் ஊற்றிக்கொண்டே.

மூன்று உயிர்கள் போனதற்கு அழவேண்டியவன், அது எட்டாக இல்லையே என்று உள்ளுக்குள் அழுதான். மனித மனம் இவ்வளவு கீழே இறங்குமா? இறங்கும்.

அதற்குள் சகலை ஒன்றைக் கண்டுபிடித்தான். சாவிக்கொத்துச் சத்தம் கேட்டால்தான் கிணற்றுக்காரன் சுவரோடு பேசிச் சிரித்தான். செருப்பைக் கழற்றிவிட்டு ஓசையில்லாமல் போய்ப் பார்த்தால், கால்மேல் கால் போட்டுப் படுத்திருந்தான்.

"பைத்தியமா இல்லையான்னு மட்டும் சட்டம் கேக்கலைப்பா," என்றார் டாக்டர். "செய்யும்போது அது தப்புன்னு தெரிஞ்சுதான்னு கேக்குது. தெரிஞ்சவன்தான் நடிப்பான், ஒளிப்பான்."

சகலை சாட்சிக் கூண்டில் ஏறினான். பேப்பரில் படம் வந்தது. மாமியார் அதைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டினாள்.

மறுநாளே நம்மவனும் செருப்பைக் கழற்றினான். தையல்காரன் நேர்மாறாக இருந்தான். தனியாக இருக்கும்போது சுவரிடம் கெஞ்சினான், சாவிச் சத்தம் கேட்டதும் கப்சிப் ஆனான். டாக்டரிடமும் அவன் வாய் திறந்ததில்லை.

"என்னைக் கண்டா ஏன் வாயை மூடிக்கிறே?"

தையல்காரன் அவனைப் பரிவோடு பார்த்தான். கிசுகிசுத்தான். "அந்தக் குரல் உங்களைப் பார்த்துடக் கூடாதுண்ணே. பார்த்தா உங்களையும் காப்பாத்தி அனுப்பச் சொல்லும். அந்த மூணு பேரையும் அப்படித்தான் அனுப்பினேன். உங்களுக்குப் பிள்ளைங்க இருக்கே."

நம்மவன் டாக்டரிடம் பாதியைத்தான் சொன்னான். "நம்ம சத்தம் கேட்டா நிறுத்திடறான் சார். ஒளிக்கிறான்." மறுபாதியை விழுங்கிவிட்டான். எதிர்பார்த்தபடியே சம்மன் வந்தது.

மாமனார் குடும்பமே நீதிமன்றத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தது, சகலை உட்பட.

"உங்களைக் கண்டதும் பேச்சை நிறுத்தினாரா?" என்று அரசு வக்கீல் கேட்டார்.

"நிறுத்தினான்."

"அப்படின்னா, வேணும்னே மறைச்சார்?"

ஆம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது தையல்காரனின் கழுத்துக்குக் கயிறு. எதிரே கூண்டில் நின்ற தையல்காரன் உதட்டில் விரலை வைத்து, பேசாதீங்க என்று தவிப்போடு சைகை காட்டினான். கண் நிறையப் பயம். அந்தப் பயம் தனக்காக அல்ல. அந்தக் குரல் பார்த்துவிடுமே என்று, சாட்சி சொல்ல வந்தவனுக்காக!

நம்மவன் மறுபாதியையும் சொல்லிவிட்டான்.

"இதை ஏன் டாக்டர்கிட்ட சொல்லலை?" என்றார் நீதிபதி.

"சொல்லியிருந்தா என்னைச் சாட்சிக்குக் கூப்பிட மாட்டாங்கன்னு நினைச்சேங்கய்யா. எங்க சகலையைக் கூப்பிட்டிருந்தாங்க."

நீதிமன்றம் சிரித்தது. மனைவி கைகளால் முகத்தை மூடிக்கொண்டாள்.

தையல்காரனுக்குத் தூக்கு இல்லை என்று தீர்ப்பானது. மருத்துவமனைக்கே அவனைத் திருப்பி அனுப்பினார்கள். நம்மவனைச் சலவைப் பகுதிக்கு மாற்றினார்கள். அவன் இடத்துக்குச் சகலை வந்தான்.

அழுக்குத் துணி மூட்டையோடு அந்தப் பிரிவின் வராந்தாவைக் கடக்கும்போதெல்லாம், சகலை கையில் சாவிக்கொத்து குலுங்குவதைக் கேட்பான். அறைக்குள் பேச்சு சட்டென்று அடங்கிப்போகும். தையல்காரன் இப்போது காப்பாற்றுவது சகலையை. அந்த நிசப்தத்தில் நம்மவனின் வயிறு பற்றி எரியும்.