முள்ளுக்கு வெளியே உபதேசியார்

மலைமேல் எடப்புளி நாட்டில் செங்கோடனைப் பார்க்காதவர்கள்கூட அவன் குரலைக் கேட்டிருப்பார்கள். ஞானஸ்நானத்தில் அவனுக்கு யோவேல் என்று பெயர் வைத்தார்கள். மலையில் ஒருவரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை என்பது அவனுக்குப் பெரிய மனக்குறை. வெள்ளைக்காரன் ஆட்சி முடியச் சில வருஷங்கள் இருந்தன. அவன் ஊரில் வேதத்துக்கு வந்தவை மூன்றே வீடுகள். அந்த மூன்று வீட்டுக்கும் வேதம் சொல்லிக்கொடுத்து ஜெபம் நடத்தும் தற்காலிக உபதேசியார் அவன். துறையூர்ப் போதகர் சபை நடுவே தன்னை எழுப்பி நிறுத்தி, இனி இவரே நிரந்தர உபதேசியார் என்று சொல்ல வேண்டும். அவன் உயிர் வாழ்ந்தது அந்த ஒரு வார்த்தைக்காக.

அதற்கு அவன் கண்டுபிடித்த வழி பட்டணத்துக்காக ஜெபிப்பது. ஊருக்குக் கிழக்கே ஒரு பாறை உண்டு. அதில் ஏறி நின்றால் கீழே புளியஞ்சோலைக் காடும், அதற்கப்பால் வெயிலில் மின்னும் துறையூர் ஏரியும் தெரியும். மாலையானால் செங்கோடன் அங்கே நின்று பட்டணத்தின் மேல் கை நீட்டுவான். கடைக்காரர்களுக்காக, கள் குடிக்கிறவர்களுக்காக, தாலுகா கச்சேரிச் சேவகர்களுக்காக மன்றாடுவான். மிளகு விற்கப் போய், விற்றதும் திரும்பிவிடுகிறவனுக்கு அந்த ஊரில் ஒருவர் பெயரும் தெரியாது. பாவங்கள் மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தன.

ஒரு கோடையில் பட்டணத்தில் வாந்திபேதி கண்டது. அங்கிருந்த நாலைந்து கிறிஸ்தவக் குடும்பங்கள் சந்தைப்பேட்டைக் கொட்டகையில் நோயாளிகளைக் கிடத்தி, கஞ்சி காய்ச்சி ஊற்றினார்கள். காலையும் மாலையும் அங்கேயே முழங்காலிட்டு ஊருக்காக ஜெபித்தார்கள். ஆள் போதவில்லை, மலைச் சபையார் வந்து உதவ வேண்டும் என்று போதகர் சொல்லியனுப்பினார்.

மூன்று வீட்டில் ஒரு வீட்டுக்காரி சென்னம்மாள், விதவை. பாறை ஜெபத்துக்கு அவள் வருவது குறைவு, குச்சிக்கிழங்குக் காட்டில் வேலை இருக்கும். சேதி கேட்டதும் ஒரு பாயைச் சுருட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

“நீங்க வரலீங்களா?” என்று போகிற போக்கில் கேட்டாள்.

“எல்லாரும் கஞ்சி ஊத்தப் போயிட்டா ஜெபிக்கறதுக்கு ஆள் வேண்டாமா?” என்றான் செங்கோடன்.

மறுநாள் ஊர்க்கவுண்டர் அர்த்தனாரி, கீழ்த்தடத்தை முள் போட்டு அடைத்தார். கீழே கொள்ளை நோய் வந்தால் மலையில் அதுதான் வழக்கம். வெளியே போகிறவனை யாரும் தடுப்பதில்லை. கீழிருந்து வருகிறவன் உள்ளே வரமுடியாது. நோய் தணிந்ததும் வீட்டுக்கு வீடு சாமை வாங்கி அம்மனுக்குப் பொங்கல் வைப்பார்கள். ஒரு வீட்டுச் சாமை குறைந்தாலும் பொங்கல் இல்லை. பொங்கல் இல்லாமல் முள்ளை எடுப்பதும் இல்லை.

செங்கோடனுக்கு இது வசதியாகப் போயிற்று. பாறைமேல் நின்று, முள் மட்டும் இல்லாவிட்டால் பறந்து போயிருப்பேன் என்பதுபோல அழுதான். கையோடு, சபை வீடுகளில் எவரும் அம்மனுக்குச் சாமை கொடுத்தால் நரகம்தான் என்றும் பிரசங்கித்தான்.

நோய் தணிகிறது, ஞாயிற்றுக்கிழமை துறையூரில் ஸ்தோத்திர ஆராதனை, சேவை செய்தவர்களைப் போதகர் கனம்பண்ணுவார் என்று ஒருவன் முள்ளுக்கு அந்தப் பக்கம் நின்று கத்திவிட்டுப் போனான். அந்த ஞாயிறு செங்கோடனை முள் தடுக்கவில்லை. வெளுத்த வேட்டியோடு போய் முதல் வரிசையில் உட்கார்ந்தான்.

போதகர் சென்னம்மாளை எழுப்பி நிறுத்தினார். பிறகு இவனைப் பார்த்து, “நீர் எங்கே இருந்தீர்?” என்றார்.

“பாறைமேலங்க. ஜெபத்துலங்க.”

“நல்லது. கொட்டகையில் இன்னும் சிலர் கிடக்கிறார்கள். அங்கேயும் ஜெபிக்கலாம்.”

“ஊட்டுல ஆடு குட்டி போடற நேரமுங்க” என்று சொல்லிவிட்டுச் செங்கோடன் மலையேறினான்.

தடத்தில் முள் அப்படியே இருந்தது. உள்ளே அர்த்தனாரிக் கவுண்டர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, நோயி போயிருச்சுங்களே. முள்ளை எடுங்க.”

“பொங்கல் ஆகலியே செங்கோடா.”

“ஏன் ஆகலைங்க?”

“ஓரூட்டுச் சாமை வரல.”

“எந்த ஊடுங்க?”

“உன் ஊடுதான். உங்க சபையில மத்த ரெண்டு ஊட்டுச் சாமையும் வந்துருச்சு. சென்னம்மா ஊட்டுக்கு அவ தம்பி அளந்துட்டான். நரகம் வந்தா அப்புறம் பாத்துக்கறானாம்.”

செங்கோடன் தன் மனைவி குப்பாயியைக் கூப்பிடச் சொன்னான். அவள் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

“குப்பாயி, கண்ணு, ஒரு படி சாமை அளந்து போட்டுரு.”

“ஐயோ, நரகமுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?”

“கண்ணை மூடிக்கிட்டுப் போடு.”

“எனக்குப் பயமுங்க. ஆகுமா ஆகாதான்னு போதகரை ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துருங்க.”

கவுண்டருக்குப் புரையேறியது.

போதகரிடம் கேட்டால் உபதேசியார் வேலை அன்றோடு தீர்ந்தது. கேட்காவிட்டால் வீடில்லை. செங்கோடன் முள்ளையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு இறங்கிப் போனான். போக்கிடம் கொட்டகை ஒன்றுதான்.

“வாங்க உபதேசியாரே, ஆடு குட்டி போட்டுருச்சுங்களா?” என்றாள் சென்னம்மாள். அவன் கையில் கஞ்சிப் பானையைக் கொடுத்தாள். மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு, நோயாளிகளைவிட அதிகமாக முனகியபடி அவன் அதைச் சுமந்தான்.

சாமையும் கிழங்கும் மலையிலேயே விளைந்ததால் முள்ளை எடுக்க ஊருக்கு அவசரமில்லை. குப்பாயிக்கும் இல்லை. வீடு அவ்வளவு அமைதியாக அதுவரை இருந்ததில்லை. கடைசியில், கீழிருந்து வரவேண்டிய உப்பு ஊரில் தீர்ந்தது. அன்று அவள் யாரையும் கேட்காமல் ஒரு படி சாமையை அளந்து கொட்டிவிட்டு வந்தாள். பொங்கல் ஆயிற்று, முள்ளும் போயிற்று.

கொட்டகையில் கடைசி நோயாளி எழுந்து போகும்வரை இருந்தவன் என்று செங்கோடனைப் போதகர் நிரந்தர உபதேசியாராக்கினார். அவரிடம் யாரும் வேறு காரணம் சொல்லவில்லை. சென்னம்மாள் கிழங்கு தோண்டப் போய்விட்டாள்.

அதன்பின் சாகும்வரை, வருஷந்தோறும் ஸ்தோத்திர நாளில் செங்கோடன் பாறைமேல் நின்று சாட்சி சொன்னான். ஆண்டவர் தன் உள்ளத்தில் பேசினாராம், வீட்டையும் ஆட்டையும் விட்டு இறங்கினானாம். முதல் வருஷம் சாட்சியில் அவன் அந்தக் கட்டத்துக்கு வந்தபோது பின்வரிசையிலிருந்து குப்பாயி மெதுவாகச் சொன்னாள்:

“ஏனுங்க, அந்த முள்ளையும் ஒரு வார்த்தை சொல்லுங்க.”

செங்கோடன் உரக்கப் பாட்டை எடுத்துவிட்டான்.