மூலை அறையில் தைத்த போர்வை

“…அதுக்கில்லீங் தம்பி, வந்த ஒரம்பரைக்கு விரிச்சுப் படுக்க ஊட்டுல வேற ஒண்ணுமே இல்லீங்ளா? இந்தக் கந்தலையா போடறது?” என்றாள் செல்லாயி அக்கா.

பேரன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க நாமக்கல்லில் என் வீடு தேடி வந்தவள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கண் சொக்கியது அவளுக்கு. என் மனைவி கட்டிலில் ஒட்டுத்துணிப் போர்வையை விரித்திருந்தாள். செல்லாயி என் சொந்த அக்காள் இல்லை. என் அக்காள் பாவாயியைக் கட்டிய மாமாவுக்கு மூத்தவள். நாத்தனார்; எங்கள் பக்கத்துப் பேச்சில் நங்கையா. எண்பதைத் தாண்டிய உடம்பு, இரண்டு கண்ணிலும் புரை. பத்திரிகையையே தலைகீழாகத்தான் நீட்டினாள். அது எந்தப் போர்வை என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

ஆனால் ‘கந்தல்’ என்ற சொல் மட்டும் அப்படியே இருக்கிறது. பல் போயிற்று, பார்வை போயிற்று, அந்தச் சொல் போகவில்லை. பழைய எதிரியைப் பேருந்து நிலையத்தில் பார்த்தால் ஒரு சந்தோஷம் வருமே, அப்படி இருந்தது எனக்கு.

அந்தப் போர்வையை முகர்ந்தால் இன்றைக்கும் பாச்சை உருண்டை வாசனை லேசாக வரும். மனைவி நம்ப மாட்டாள். “எத்தன தண்ணி பாத்த துணி, உங்க மூக்குக்குத்தான் வருது” என்பாள். இருக்கட்டும். எனக்கு அந்த வாசனை வந்தால் ராசிபுரத்தில் தறிக்காரர்கள் தெரு வந்துவிடும். அக்காள் சின்னப் பெண்ணாக இருந்தபோது அங்கே வீடு வீடாகப் போய், பாவின் கடைசியில் அறுத்துப்போடும் பட்டு முனைகளைக் கேட்டு வாங்கிவருவாள். பழைய சேலையை உள்ளே அடுக்கி, மேலே அந்தத் துண்டுகளை ஒட்டி, கிட்டக்கிட்டத் தையல் ஓட்டுவாள். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. எங்கள் அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்: “இவளுக்குக் கண்ணாலத்துக்கு மாப்ள பாக்க வேண்டாமுங்க. நல்லதா ஒரு ஊசி பாத்தாப் போதும்.”

மாப்பிள்ளையும் கிடைத்தார். பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால். சீர்வரிசையோடு அக்காள் தைத்த இரண்டு போர்வைகளும் போயின. பாத்திரம் பண்டமெல்லாம் பார்த்து முடித்த செல்லாயி அந்தப் போர்வைகளை மட்டும் இரண்டு விரலால், செத்த எலியைத் தூக்குவதுபோலத் தூக்கிக் காட்டினாள். “பொண்ணூட்டுல கந்தலும் சீராக் குடுத்திருக்கறாங்க பாருங்க!” அன்றிலிருந்து அக்காளுக்கு அந்த வீட்டில் ‘கந்தல்காரி’ என்றே பெயர். அக்காள் சண்டை போடவில்லை. என்னிடம் மட்டும் சொன்னாள்: “கிழிஞ்சதத் தெக்கலாம் சாமி. கிழிக்கறவளத் தெக்க முடியுமா?”

மாமா நல்ல மனிதர். பிள்ளை இல்லை என்று ஊர் அக்காளைப் பேசியபோது, அவர் பழந்துணி மூட்டையைச் சைக்கிளில் கொண்டுவந்து போடுவார். தீபாவளிக்குச் சேலை எடுத்தால், “உனக்கு எடுக்கலீங் அம்மிணி, நாளைக்கு உன்ற போர்வைக்கு ஆகும்னு எடுத்தேன்” என்பார். வெற்றிலை நல்ல விலைக்குப் போன ஒரு வருடம் ராசிபுரத்தில் சொல்லி நெய்த மாம்பழ நிறப் பட்டு ஒன்று வந்தது. அக்காள் அதைப் பிரித்த நிமிடமே செல்லாயி பக்கத்தில் உட்கார்ந்து, ஜரிகையை நகத்தால் சுரண்டி வெளிச்சத்தில் பார்த்தாள். “அசல்தானுங்ளா?” அக்காள் சேலையை மடித்து எடுத்துக்கொண்டாள். செல்லாயியின் கண் மட்டும் அதிலேயே தங்கிவிட்டது.

நான் அப்போது நாமக்கல்லில் லாரி சீட்டுக்கு மெத்தை தைக்கும் கடையில் வேலை பார்த்தேன். ரெக்சினையும் பசையையும் மோந்து மோந்து சாம்பார் வாசனையே மறந்துபோன வயசு. சித்திரை வெயிலில் ஆள் வந்தது: மாமா கொடிக்காலில் அகத்தி மரத்தடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். புருஷன் போனவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து வெள்ளைச் சேலை போக வேண்டும். உடன்பிறந்தவன் நான்தான் கொண்டுபோனேன். கருமாதி முடிகிறவரை அவளை மூலை அறையில் உட்கார வைத்துவிடுவார்கள். சுமங்கலிகள் அந்தப் பக்கம் போகமாட்டார்கள். தாலியறுத்தவள் முகத்தில் முழித்தால் தங்கள் தாலிக்கு ஆகாதாம். சரி, முகந்தானே ஆகாது? அவளுடைய கலர் சேலைகள் நன்றாக ஆகும்! கருமாதி அன்றைக்கு அவற்றை நாத்தனார்களும் பங்காளி வீட்டுப் பெண்களும் பிரித்துக்கொள்வார்கள். முகத்தில் இருக்கிற தோஷம் முந்தானையில் இல்லை போலிருக்கிறது. இந்தச் சாத்திரத்தை எழுதினவன் கட்டாயம் ஜவுளி தெரிந்தவனாக இருப்பான்.

ஒப்பாரியில் செல்லாயியின் குரல்தான் ஓங்கி நின்றது. தம்பிக்காகக் கொஞ்சம் அழுதிருப்பாள், இல்லை என்று சொல்லமாட்டேன். மீதி அழுகை ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கணக்கு.

வெள்ளைச் சேலையை மூலை அறையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்காள் அதைப் பார்க்கவே இல்லை. அறைக்குள்ளிருந்த தன் தகரப் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா எடுத்துக்கொடுத்த அத்தனையும் அதற்குள்தான்.

“செல்லாயி நங்கையா காலையிலிருந்தே கட்டைப்பையோட திரியறாங்க,” என்றாள். பிறகு, “உங்கிட்ட நூல் இருக்குதா சாமி?”

கடை நூல் ஒரு கண்டு எப்போதும் என் பையில் கிடக்கும். லாரி சீட்டையே தாங்குகிற நூல். எதையோ ஒட்டுப்போடக் கேட்கிறாள் என்று நினைத்துக் கொடுத்தேன். எனக்கு அவ்வளவுதான் புத்தி.

அவளை மூலையில் வைத்தவர்களுக்கு என்னைவிடக் குறைவு. ஒருத்தி முகத்தை யாரும் பார்க்கக்கூடாது என்று கதவைச் சாத்தினால், அவள் உள்ளே என்ன செய்கிறாள் என்றும் யாரும் பார்க்கமாட்டார்கள் அல்லவா? ஊசி, கத்தரி, பெட்டி நிறையச் சேலை எல்லாவற்றையும் அவளோடு சேர்த்துச் சாத்திவைத்துவிட்டு, வெளியே உட்கார்ந்து பலகாரக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சோறு கொண்டுபோன கிழவிகூடத் தலையைத் திருப்பிக்கொண்டே தட்டை வைத்துவிட்டு வந்தாளாம்.

கருமாதி முடிந்ததும் செல்லாயி கட்டைப்பையோடு அறைக்குள் நுழைந்தாள். “எந்தம்பி எடுத்துக்குடுத்த சேலையாவது எங்க கண்ணு முன்னால இருக்கட்டுமுங்க,” என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு பெட்டியைத் திறந்தாள். நாலு பாச்சை உருண்டை உருண்டன.

“சேலையெல்லாம் எங்க?”

அக்காள் வெள்ளைச் சேலையில் வாசலுக்கு வந்தாள். அத்தனை பேர் நடுவில் போர்வையை உதறி விரித்தாள். பச்சை, அரக்கு, கத்தரிப்பூ நிறம், நடுவில் அகலமாக மாம்பழப் பட்டு.

“எல்லாம் இதுலதானுங்க இருக்குது நங்கையா. எது வேணுமோ பிரிச்சு எடுத்துக்குங்க.”

“அந்தப் பட்டையுமா வெட்டுன? கை வந்துச்சா உனக்கு? பாவி!”

பங்காளிகளில் பெரியவர் ஒருவர் கனைத்தார். “நம்மள்ல கைம்பொண்டாட்டி வெள்ளைதான் உடுத்தோணும், பாவாயி.”

“உடுத்தியிருக்கறனுங்களே மாமா. போத்தறது எந்த நெறமா இருக்கோணும்னு எங்காச்சும் சொல்லியிருந்தாக் காட்டுங்க.” இரண்டு தோளையும் சுற்றிப் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். “குளுருதுங்க.”

சித்திரை வெயிலில், பரமத்தி வேலூரில்! அங்கே பங்காளிகள் எல்லாரும் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார்கள்.

வெட்டும்போது என்ன நினைத்தாள் என்று நான் கேட்டதில்லை. பல வருடம் கழித்து அவளாகவே சொன்னாள்: “மத்ததுலெல்லாம் ஓடுச்சு சாமி. மாம்பழப் பட்டுகிட்ட வந்ததும் கத்தரி நின்னுக்கிச்சு. மாமன் பேரச் சொல்லித்தான் வெட்டுனேன்.”

அப்புறம் அவளை நாமக்கல்லுக்கே கூட்டிவந்துவிட்டேன். இங்கே லாரிக்காரர்களுக்குப் பழஞ்சேலையில் போர்வை தைத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். எங்கள் கடைக்கு வரும் டிரைவர்கள் முதலில் சிரித்தார்கள். வடக்கே பனியில் ஒரு நடை போய்த் திரும்பியவர்கள் சிரிப்பதை விட்டுவிட்டு, பெண்டாட்டியின் பழஞ்சேலைகளைச் சுருட்டிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். “இதையே மேல வெச்சுத் தெச்சுடுங்கக்கா,” என்று மீசைக்காரன் ஒருவன் வெட்கப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். எத்தனையோ கேபின்களில் ராத்திரி அவள் தையல்தான் காவல் இருந்தது. கண் மங்கும்வரை தைத்தாள். ஊசியில் நூல் கோத்துக்கொடுக்க ஆள் தேடிய மாதத்தில்தான் படுத்தாள். அதோடு போய்ச்சேர்ந்தாள்.

இப்போது அந்தக் கொடிக்கால் இல்லை, கல் நட்டு மனையாக்கிவிட்டார்கள். கேபினுக்குள் புலிப்படம் போட்ட, ரோமம் கொட்டுகிற போர்வைதான். அந்தப் புலி ஒருத்தனுடைய வீட்டையாவது ஞாபகப்படுத்துமா? மூலை அறையும் போயிற்று. வெள்ளைச் சேலையும் ஏறக்குறையப் போயிற்று. அது போனதற்கு நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டேன். எங்கள் உறவில் இன்னும் வெள்ளை உடுத்துகிற கடைசி ஆள் இதோ கட்டிலருகே நிற்கிற செல்லாயி அக்காதான். அவள் வீட்டுக்காரர் போனபோது அவள் பெட்டியைத் திறந்து பிரித்துக்கொண்டது யார் யாரென்று எனக்குத் தெரியும். நான் அன்றைக்கு அங்கே இருந்தேன்.

“இது கந்தல்தானுங்க்கா. பாவாயி அக்கா மூலை அறைல தெச்ச கந்தல்,” என்றேன். கொஞ்சம் உறைக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

அவள் கட்டிலில் உட்கார்ந்து, போர்வையைக் கையால் தடவிக்கொண்டே போனாள். நடுவில் வந்ததும் கை நின்றது. விரலை எச்சிலில் தொட்டு, ஜரிகையை நகத்தால் சுரண்டி, சன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். புரை விழுந்த கண்ணுக்கு என்ன தெரிந்ததோ. பிறகு சாய்ந்து படுத்து, அந்த மாம்பழப் பட்டு வருகிற இடமாகப் பார்த்து இழுத்து, வெள்ளைச் சேலைக்கு மேலே தோளில் போட்டுக்கொண்டாள்.