அம்மா தானே பேசி முடித்த சம்பந்தம்

என்னைப் பெண் கேட்டவர்கள் கம்ப்யூட்டர் வழியாகத்தான் வந்தார்கள். ஈப்போவிலிருந்து ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்குக் குடிபோன குடும்பம். மாப்பிள்ளையை நான் பார்த்ததில்லை, குரல்கூடக் கேட்டதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பிறை வட்டாரத்தில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் எனக்குக் கொடுத்திருந்த மடிக்கணினியை பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து, அழைப்பை இணைத்துக் கொடுத்தேன். அவர்கள் பக்கம் கேமரா வேலை செய்யவில்லை.

"பரவாயில்லலா, பேசுனா போதும்," என்ற அம்மா, கூப்பிடும்வரை வெளியே வரக்கூடாது என்று என்னைச் சேலையோடு அறைக்குள் அனுப்பிவிட்டார். அப்பா அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் கதவிடுக்கில் காதை வைத்தேன்.

"வணக்கம்க்கா, நல்லா இருக்கீங்களா?" என்றார் அம்மா.

"வணக்கம்க்கா, நல்லா இருக்கீங்களா?" என்றது கம்ப்யூட்டர்.

"ரொம்ப சந்தோஷம்க்கா."

"ரொம்ப சந்தோஷம்க்கா."

அம்மா அப்பாவிடம் கிசுகிசுத்தார். "நல்ல மனுசிங்க. நம்மள மாதிரியே பேசுறாங்க." அந்தப் பாராட்டும் அப்படியே திரும்பி வந்தது. அம்மா வெட்கத்தோடு, "தேங்க்ஸ்க்கா," என்றார்.

"கல்யாணத்த பினாங்குலயே வச்சிக்கலாம்" என்பதற்கும் அட்சரம் பிசகாமல் சம்மதம் கிடைத்தது. எனக்கு எங்கோ இடித்தது. ஆனால் கூப்பிடாமல் எப்படிப் போவது?

அம்மாவுக்குத் தைரியம் வந்துவிட்டது. "உங்க பையனுக்குச் சமைக்கத் தெரியுமா?"

"உங்க பையனுக்குச் சமைக்கத் தெரியுமா?"

"எனக்கு ஏதுக்கா பையன்? ரெண்டும் பொண்ணுங்க!"

"எனக்கு ஏதுக்கா பையன்? ரெண்டும் பொண்ணுங்க!"

நாற்காலி தடாலென்று நகர்ந்தது. "ஐயோ, பையனே இல்லாம பொண்ணு கேக்குறாங்களே!" என்று அம்மா அலற, பெர்த்தும் அதையே அலறியது.

நான் ஓடி வந்தேன். "அம்மா, அது உங்க குரல்! அங்க ஸ்பீக்கர்ல வர்றது அவங்க மைக்குல விழுந்து இங்கயே திரும்பி வருது."

"என் குரலா? இப்படியா கரகரன்னு இருக்கும்?"

"இப்படித்தான் இருக்கும்," என்றார் அப்பா, முப்பது வருடம் வாய்ப்புக்குக் காத்திருந்தவரைப் போல.

அவர்களை இயர்ஃபோன் மாட்டச் சொன்னேன். சற்று நேரம் கழித்து, முதல்முறையாக ஒரு புதுக் குரல் வந்தது. "அக்கா, நான் இன்னும் ஒரு வார்த்தகூடப் பேசல. நீங்க இடம் குடுத்தாத்தானே?"

பின்னால் ஓர் ஆண்குரல் சிரிப்பது கேட்டது. அடக்கப் பார்த்து, முடியாமல், புரையேறி, மறுபடியும் சிரித்தது. அதுதான் மாப்பிள்ளை. எனக்கு அங்கேயே பிடித்துப்போயிற்று.

அடுத்த மாதம் மாப்பிள்ளை பினாங்குக்கு வந்தார். அத்தனை சிரித்த மனிதர் நேரில் மகா கூச்சக்காரர். கடற்கரையில் ஒரு மணி நேரம் நடந்தோம். முழுக்க நான்தான் பேசினேன்.