ஃப்ளாப்பி என் பையில்தான் இருந்தது

தயாளனின் வேலை போனதற்குக் காரணம் நான்தான். அவன் கொண்டுவந்த லினக்ஸ் அல்ல.

நீங்கள் என்னை வெறுக்கலாம். அதற்கு முன் நடந்ததைக் கேளுங்கள்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்பு உருக்கும் ஆலையொன்றின் அலுவலகத்தில் நான் தமிழ்த் தட்டச்சர். திருட்டு விண்டோஸ் பிடிபட்டால் வழக்கு வரும் என்று பயந்த முதலாளி, எல்லாக் கணினிகளையும் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸுக்கு மாற்றச் சொன்னார். "ஒரு வேலகூட நிக்காது சார், நான் கேரண்டி," என்றான் கணினிப் பொறுப்பாளன் தயாளன்.

புதிய முறையில், அவரவர்க்குரிய பெயரைத் தட்டித்தான் கணினிக்குள் நுழைய வேண்டும். பெயர்களை வைத்தவன் அவன். எனக்கு வைத்தது 'கிழவி'.

தினமும் காலையில் என் கையாலேயே அதைத் தட்டினேன். பின்னாலிருந்து கணக்குப் பிரிவே சிரித்தது. எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது.

"மாத்திக் குடுப்பா," என்று கேட்டும் பார்த்தேன்.

"இன்னாக்கா, ஜோக்குக்கு வெச்சது. கோவம் வந்தா நெஜமாவே வயசாயிடுச்சின்னு அர்த்தம்."

தொழிற்சாலை ஆய்வாளர் வரும் நாள் நெருங்கியது. உலைப் பிரிவில் ஒட்டவேண்டிய பாதுகாப்பு அறிவிப்புகளை நான் பழைய தமிழ் எழுத்துருவில் அடித்து வைத்திருந்தேன். லினக்ஸில் திறந்தால் தமிழே இல்லை. தலையில் புள்ளி முளைத்த ஆங்கில எழுத்துகள்! அந்த எழுத்துருவை ஏற்றினால் சரியாகிவிடும். பழைய கணினிகளை அழித்தபோது அதை எடுத்துவைக்க அவன் மறந்திருந்தான்.

என் மேசைக்கு வந்தான்.

"அக்கா, அந்த ஃபான்ட் ஃப்ளாப்பி உங்ககிட்ட இருக்குமாமே... குடுங்கக்கா. நாளைக்கு ஆபீசர் வர்றாரு. என்னை ஊட்டுக்கு அனுப்பிடுவாங்க. இப்பத்தான் கொழந்த பொறந்துக்குது."

"அது எப்பவோ கெட்டுப்போச்சுப்பா. தூக்கிப் போட்டுட்டேன்."

ஃப்ளாப்பி என் கைப்பையில், சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் இருந்தது. அவன் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னேன். குரல் நடுங்கவில்லை... எவ்வளவு இனித்தது தெரியுமா!

அறிவிப்புகளை அவனே கையால் எழுதி ஒட்டினான். 'எச்சரிக்கை'யில் 'ச்' என்ற ஒற்றை விட்டுவிட்டான்.

"எசரிக்கையா? இது இன்னா பாஷை?" என்றார் ஆய்வாளர். பாதி வரிகள் படிக்கவே முடியவில்லை என்று முதலாளியை எச்சரித்துவிட்டுப் போனார்.

"கேரண்டின்னியேடா," என்றார் முதலாளி, எல்லோர் முன்னாலும். அன்று மாலையே தயாளனை வெளியே அனுப்பினார்கள்.

அவன் இடத்துக்கு வந்தவரிடம், தேடியதில் கிடைத்தது என்று ஃப்ளாப்பியைக் கொடுத்தேன். உடனே தமிழ் வந்தது. முதலாளி என்னைப் பாராட்டினார். லினக்ஸும் நிலைத்தது. அவன் செய்த வேலையில் பெரிய குறை எதுவும் இல்லை என்பது எனக்கு மட்டுமே தெரியும்.

வருந்துகிறேனா? அவனை நினைத்தால் இல்லை. ஆனால்...

சில மாதங்கள் கழித்துப் பொன்னேரி ரயில் நிலையத்தில் அவன் மனைவி என்னை அடையாளம் கண்டு அருகில் வந்தாள். ஆயுத பூஜைக்கு ஆலைக்கு வந்தபோது பார்த்த முகம். இடுப்பில் குழந்தை.

"வேலையில தப்பே பண்லன்னு தெனம் பொலம்பிக்கினு கீறாருக்கா. நெஜமா சொல்லுங்க, அவரு மேலதான் தப்பா?"

"ஆமாம்மா," என்றேன்.

அவள் தலையாட்டிக்கொண்டாள். அன்றிரவு அவனிடம் அவள் என்ன சொல்லியிருப்பாள்... இதை மட்டும் என்னையே நான் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.