பூச்சிகளை ‘வாருங்கோ’ என்றவர்

பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோதுதான் சாவுச் செய்தி வந்தது. சைக்கிளில் வந்த எங்கள் தலைமையாசிரியர், “பரமேஸ்வரி ரீச்சர் வவுனியா ஆஸ்பத்திரியிலை மோசம் போனா” என்றார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. குளவிக்குப் புதுப்பாட்டுக் கட்டியிருக்கிறேன், வந்து கேளுங்கள் என்று சொல்லியனுப்பியவர். அதற்குள் என்ன அவசரம் அவருக்கு?

இரணைமடுக் குளத்தின் கீழ்க் குடியேற்றத் திட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாங்கள் இருவரும் பக்கத்து வகுப்புகளில் படிப்பித்தோம். “நிலாவையும் மயிலையும் பாட ஆக்கள் இருக்கினம். சாணி உருட்டுற வண்டுக்கு ஆர் இருக்கினம்?” என்பார். வாய் கொஞ்சம் நீளம்தான்; அவரைத் தெரிந்த உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

முதல் மழையோடு மண்ணிலிருந்து வரும் தம்பளப்பூச்சிக்கு அவர் கட்டிய பாட்டைப் பிள்ளைகள் வயல் வரம்பெல்லாம் பாடித் திரிந்தார்கள்.

தம்பளப் பூச்சியாரே வாருங்கோ – சிவப்புப்
பட்டுடுத்தி எங்கள் முற்றம் வாருங்கோ!

அந்த வருடம் கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் நெல்லில் அறக்கொட்டி விழுந்தது. அடித்தண்டை உறிஞ்சி, வயலை நெருப்பு வைத்ததுபோலக் கருக்கிவிடும் பூச்சி அது. யாரோ ஒருவர், “பிள்ளையள் கூப்பிட்டுத்தான் வந்தது” என்றார். அவ்வளவுதான். மறுநாள் சின்னத்துரை அண்ணர் ஏழெட்டுப் பேரோடு ரீச்சரின் வகுப்பு வாசலில் நின்றார். அவர் மகள் பூமணி இரண்டாம் வகுப்பு. பாட்டை எல்லோரிலும் உரத்துப் பாடுபவள்.

“வா எண்டதை வெட்டிப்போட்டு, போ எண்டு எழுதுங்கோ.”

“படியிறங்குற ஆக்களையே ‘போயிட்டு வாங்கோ’ எண்டுதானே அண்ணை சொல்லுறம்? மொட்டையாப் போ எண்டு சொல்லப் பிள்ளையளைப் பழக்கமாட்டன்.”

“ஐயோ, அதுகள் திரும்பியும் வரட்டோ!” என்று கத்தினார் அவர். மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். மற்றவர்களும் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பிள்ளைகள் இருக்கும் வாங்குகளில் பாதி வெறுமையாகக் கிடந்தன. ரீச்சருக்கு இடமாற்றக் கடுதாசி வரும் என்று நான் பயந்தேன்.

ரீச்சரை அது தொடவில்லை. பூமணி வீட்டில் யாரோடும் பேசுவதில்லை என்று கேள்விப்பட்டதும்தான் துடித்துப் போனார். என்னையும் அழைத்துக்கொண்டு நேரே வயலுக்குப் போனார். சின்னத்துரை அண்ணர் கையில் மண்வெட்டி.

“மருந்தடியுங்கோ அண்ணை, நான் மறிக்கேல்லை. என்ர பாட்டையும் விடுங்கோ. அப்பான்ர வயலைத் தான்தான் அழிச்சனான் எண்டு அந்தப் பிஞ்சு நம்பிக்கொண்டிருக்கு. அதைத்தான் என்னாலை தாங்கேலாமல் கிடக்கு.”

சின்னத்துரை அண்ணர் மண்வெட்டியை வரம்பில் போட்டார். பிறகு வீட்டுக்குப் போய் மகளைத் தூக்கி வந்தார். தப்பி நின்ற ஒரே பச்சைத் துண்டின் வரம்பில் அவளை இறக்கி, “பிள்ளை, அந்தப் பாட்டைப் படி” என்றார். அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள். “படியம்மா. அப்பா நிக்கிறன்.” நடுங்கி நடுங்கிப் பாடினாள். அவர் கண் கதிரை விட்டு அசையவில்லை. பூச்சி வராது என்ற நம்பிக்கையில்லாமல்தான் அந்த மனிதர் மிச்ச நெல்லையும் பணயம் வைத்தார்.

மறுநாள் காலை அவரே அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டி வந்தார். “விடிய எழும்பி ரண்டு பேருமாத் தண்டை விலக்கிப் பாத்தனாங்கள், ரீச்சர். ஒண்டும் வரேல்லை. நீ ஒண்டும் செய்யேல்லையடி பிள்ளை எண்டு சொன்னனான். பிறகுதான் வாய் விட்டு அழுதவள்.”

ரீச்சரின் பாட்டுகள் பிள்ளைகளுக்குப் போகட்டும். எனக்கென்று நான் வைத்துக்கொள்வது, கருகிய வயலில் கோபித்து நின்ற ஒரு தகப்பனிடம் தன் பாட்டுக்காக ஒரு சொல்லும் வாதாடாமல் அவருடைய பிள்ளைக்காக மட்டும் பேசிய அந்தக் குரலை.