எஸ்தரின் ஒன்பது வருட வாய்தா

அவள் தம்பி சாமுவேல் போன் செய்தபோது நான் தையல் லைனில் நின்றிருந்தேன். மெஷின் சத்தத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன். "எஸ்தரக்கா இறந்துட்டாங்க மேடம். ஆஸ்பத்திரிலதான் இருக்கோம்" என்றான். நான் கேட்ட முதல் கேள்வி, "எந்த ஆஸ்பத்திரி?" அதுவரை அவள் உண்மையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போகிறாள் என்று நான் நம்பவில்லை.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் பதினோரு வருடம் என் லைனில் ஷூவின் மேல்பாகமான அப்பர் தைத்தவள் எஸ்தர். இதைப் படிக்கிற, மாதனூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் உங்களுக்கு அவள், ஜன்னலோர சீட்டை யாருக்கும் விட்டுத்தராமல் சண்டை போடுகிற எஸ்தரக்கா. மேற்பார்வை செய்கிறவள் என்ற முறையில் அவளுடைய லீவு லெட்டர் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டவள் நான்.

விவாகரத்துக்கு மனு போட்ட புதிதில் லெட்டரில் 'கோர்ட்' என்றுதான் எழுதினாள். அது பஸ் முழுக்கப் பரவி சர்ச் வரை போனது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து, புருஷனோடு சேர்ந்து வாழ வேண்டும் என்று ஜெபம் செய்தார்கள். அறைந்து அறைந்து அவளுடைய இடது காதைச் செவிடாக்கியவனோடு! அதற்குப் பிறகு எல்லா வாய்தாவுக்கும் 'ஆஸ்பத்திரி' என்று எழுத ஆரம்பித்தாள். "இன்னா எஸ்தர், எந்த டாக்டரு?" என்பேன். "கறுப்புக் கோட்டு டாக்டர்தாங்க்கா" என்பாள். போகப்போக அந்த ரகசியம் லைனுக்கே தெரிந்துபோனது.

சம்மன் போனால், ஆள் ஊரில் இல்லை என்று திரும்பி வரும். ஆள் ஊரில்தான் இருந்தான், வேறொருத்தியோடு. ஜட்ஜ் மாறுவார். வக்கீல்கள் கோர்ட்டைப் புறக்கணிப்பார்கள். மாவட்டம் பிரிந்தபோது வழக்குக் கட்டு வேறு கோர்ட்டுக்கு மாறியது, போய்ச் சேரவே ஏழு மாதம். சமரசம் பேசக் கூப்பிட்டார்கள், அவன் வரவில்லை. மறுபடியும் கூப்பிட்டார்கள். "சர்ச்சுல அரை மணி நேரத்துல கட்டி வெச்சாங்க. அவுக்கறதுக்கு ஒம்போது வருசமா முடிச்சத் தேடிக்கினு இருக்காங்க" என்பாள்.

ஒருநாள் கேன்டீனில் கேட்டேன். "வேற கல்யாணமும் வேணாங்கற. அவனும் உன் பக்கம் வர்றதில்ல. எதுக்கு இந்த பேஜாரு? விட்டுத் தொலையேன்."

சோறு பிசைவதை நிறுத்தினாள். "நாளைக்கு நான் செத்தா புருஷன்னு சொல்லிக்கினு என் தலைமாட்டுல வந்து நிப்பான்க்கா. என் பொணத்து மேலகூட அவனுக்குப் பாத்தியதை இருக்கக் கூடாது. அதுக்குத்தான்."

சென்ற மாதம் ஷிப்மென்ட் நெருக்கடியில் என்னிடம் வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றாள். "கறுப்புக் கோட்டா?" என்று சிரித்தேன். "இல்லக்கா, நெஜமாவே வயித்து வலி. தாங்க முடியல." பக்கத்து மெஷின்காரிகளும் சிரித்தார்கள். "ஒம்போது வருசம் பொறுத்தாச்சு, இன்னொரு வாய்தா எங்கயும் ஓடிடாது. ஷிப்மென்ட் போகட்டும்" என்றேன். அவளும் லேசாகச் சிரித்துவிட்டு மெஷினுக்குத் திரும்பினாள். பத்து நாள் தைத்தாள்.

ஷிப்மென்ட் போன மறுநாள் லீவு எழுதிக் கொடுத்தாள். காரணம், ஆஸ்பத்திரி. தீர்ப்பு நெருங்கிவிட்டது போலிருக்கிறது என்று நான் சந்தோஷப்பட்டேன். இரண்டு வாரம் வராதபோதும் நான் போன் செய்யவில்லை. வயிற்றுக்குள் இருந்த கட்டி முற்றி உடைந்துவிட்டது என்று பிறகு சாமுவேல் சொன்னான். அந்தப் பத்து நாள் முன்னால் போயிருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரிடம் கேட்க இன்றுவரை எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அடக்கம் முடிந்த எட்டாம் நாள் அவளுக்கு வாய்தா. சாமுவேலோடு நானும் போனேன். டவாலி அவள் பெயரை மூன்று முறை கூப்பிட்டார். வக்கீல் இறப்புச் சான்றிதழை நீட்டினார். மனுதாரர் இறந்துவிட்டதால் வழக்கு முடிந்தது என்றார்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. செத்தவளுக்கு விவாகரத்து கிடையாதாம். கடைசிவரை அவள் அவனுடைய மனைவிதான்.

அடக்கத்தன்று நடந்ததைக் கடைசிக்குத் தள்ளினேன், எழுத மனம் வராமல்தான். அவன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். சபைப் பதிவேட்டில் கணவன் என்று அவன் பெயர்தான் இருந்தது. பெட்டியின் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். சாமுவேல் வாயைத் திறந்தான். "சாவு வீட்ல வேணாம்ப்பா" என்று பெரியவர்கள் அடக்கிவிட்டார்கள். பெட்டி மூடியில் எஸ்தர் பெயருக்குப் பக்கத்தில் அவன் பெயரை எழுதியிருந்தார்கள். நீங்களும் அங்கே இருந்தீர்கள். உங்களைக் குற்றம் சொல்லும் யோக்கியதை எனக்கில்லை.

வரிசையில் என் முறை வந்தது. அவன் எழுந்து, "என் ஒய்ஃப நல்லா பாத்துக்கினீங்க மேடம், ரொம்ப தேங்க்ஸ்" என்று கையை நீட்டினான். எஸ்தரின் நினைவாக என்னிடம் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும். அந்தக் கையை நான் பிடித்துக்கொண்டேன். "தைரியமா இருங்க" என்றேன்.